பொதுவில் நின்ற கரை

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயரான பிறகும் அவரை விட்டு 'விசில்' என்ற பட்டப்பெயர் போகவில்லை. நாளெல்லாம் கூட்டத்தோடு மல்லுக்கு நின்றவருக்கு இப்போது பேச்சுத்துணை ரேடியோதான். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளை குட்டி கிடையாது. மிச்சம் ஒரே தம்பி. அவனும் கண்காணாத தூரத்தில்.

அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது வீடு அண்ணனுக்கு, தோட்டம் தம்பிக்கு என்றானது. நடுவிலிருந்த குளமும் அதன் மண்கரையும் மட்டும் பொதுவில் நின்றன. "அதையும் நீங்களே எழுதிக்கோங்கண்ணா, எனக்கெதுக்கு?" என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். விசில் மசியவில்லை. ஆசையில்லாத மனுஷன் என்று அக்கம்பக்கம் மெச்சியது. அவர்களுக்கு என்ன தெரியும்! கரை பொதுவில் இருக்கும்வரைதான் தம்பி போனை எடுப்பான்.

புல் மண்டினால் ஒரு போன். எலி தோண்டினால் ஒரு போன். "பாத்து செய்ங்கண்ணா" என்று அவன் முடிப்பதற்குள் இவர் நாலு வார்த்தை நலம் விசாரித்துவிடுவார். போன கோடையில் கரையின் அடியில் நண்டு வளை போட்டது. ஒரு கூடை களிமண்ணைத் திணித்து மிதித்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அடைத்துவிட்டால் அடுத்த மாதம் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? பாவி மனுஷன், அந்த வளையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கரைக்குக் கீழே குடியிருந்த தையல்காரி, கைக்குழந்தையை இடுப்பிலும் பெரியவளைக் கையிலுமாக ஓடிவந்தாள்.

"சார், வீட்டுப் பின்னாடி தண்ணி நிக்குது. உங்க கரையிலேருந்துதான் வருது."

விசில் போய்ப் பார்த்தார். வளை வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. தகவல் போய் வந்த பொதுப்பணித்துறை இன்ஜினியர் அம்மா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"தெளிவா கசிஞ்சாகூட பொறுக்கலாம். இது கலங்கலா வருது, கரை உள்ளுக்குள்ள கரையுது. ஓரத்துல வெட்டி தண்ணிய வாய்க்கால்ல விட்டாகணும். குளம் மிஞ்சாது. யாரோடது இது?"

"எனக்கும் என் தம்பிக்கும்."

"அப்ப ரெண்டு பேரும் சம்மதிக்கணும். சீக்கிரம் கேளுங்க."

"வளைய மட்டும் அடைச்சுப் பாக்கலாமாம்மா?" விசில் கேட்டார்.

"அந்தக் காலம் போயாச்சு சார். இப்ப அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும்."

தையல்காரி குழந்தையின் தலையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்தார்.

"அண்ணா, மீட்டிங்ல இருக்கேன். மறுபடியும் எலியா?"

"இல்லடா. கரை தாங்காதாம். வெட்டணுமாம். கீழ குழந்தைங்க இருக்கு, சரின்னு சொல்லு."

"தாராளமா வெட்டுங்க. இடத்தையும் உங்க பேருக்கே மாத்திக்கோங்க. விட்டுது தொல்லை!"

இன்ஜினியர் அம்மா ஆட்களுக்குக் கையசைத்தார். மண்வெட்டிகள் கரையில் இறங்கின.

"அவ்வளவுதானேண்ணா? வேற ஏதாச்சும் இருக்கா?"

விசில் யோசித்தார். அவசர அவசரமாக யோசித்தார். கூரை ஒழுகவில்லை, வேலி சரியவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை.

"இல்லடா," என்றார். "வேற ஒண்ணும் இல்ல."