மூசாங் பிடித்த சேவல்

“சேவல் எப்படிப் போச்சு? எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க,” என்று அற்புதம்மாள் தலையணையை உயர்த்திப் புருசனை நிமிர்த்தினாள்.

“போயிருச்சு,” என்றார் லியோனார்ட்.

“அப்படிச் சொன்னா சாமியார் பாவமன்னிப்பு குடுக்கமாட்டாரு. ‘நான் புடிச்சேன்’னு சொல்லணும்.”

“சரி. கைக்குள்ள வந்திருச்சு.”

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தேயிலை லோரியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, “பள்ளம் குறுக்க வந்திருச்சு தொர” என்று துரையிடமே சொன்ன வாய் அது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். மோட்சத்துக்கு வெளியே நின்றுகொண்டும் ‘கதவு தானா சாத்திக்கிச்சு’ என்பாரே என்பதுதான் அவள் பயம்.

சேவல் பக்கத்து வீட்டுக் கந்தனுடையது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது இவர்கள் சட்டிக்குள் வந்துவிட்டது. மூசாங், அதான் மரநாய், தூக்கிக்கொண்டு போய்விட்டதாக லியோனார்ட் சொன்னார். மரநாய் வரும்படி கூண்டைத் திறந்துபோட்டவள் இவள்தான் என்று கந்தன் தன் பெண்டாட்டி வேலாயியைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. குழம்பில் உப்பு குறைந்தாலும் பேச்சு சேவலில் வந்துதான் முடியும். அந்தி தவறாமல் வாசலில் மூசாங் பொறியும் வைப்பான். இதுவரை அதில் விழுந்தது வேலாயி வளர்த்த பூனை மட்டும்தான்.

டவுனிலிருந்து சாமியார் வந்ததும் அற்புதம்மாள் குடத்தோடு வெளியே போனாள். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை எட்டாது. லியோனார்டுக்குக் காதும் மந்தம். பாவசங்கீர்த்தனம் குழாயடிவரை கேட்டது.

“நான்தான் சாமி. நான் புடிச்சேன், நான் அறுத்தேன். வேலாயி மேல பழி விழுந்தப்பவும் வாயத் தொறக்கல.”

பக்கத்து வீட்டில் கந்தனின் இருமல் நின்றது. அற்புதம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அற்புதத்துக்கு ஒண்ணும் தெரியாது சாமி. சந்தையில வாங்குனதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

குடம் நிரம்பி வழிந்தது. அன்று சேவலின் காலைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். வாழ்நாளில் முதல் தடவையாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதர் அவள் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார். அவர்மேல் அவ்வளவு ஆசை அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அந்தியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் பெட்டி வந்தது. வேலாயி பக்கத்தில் உட்கார்ந்து அற்புதம்மாளின் கையைப் பிடித்திருந்தாள்.

“வேலாயி, அவரு சாமியார்கிட்டப் பொய் சொல்லிட்டாரு. சேவல் கால நான்தான் புடிச்சேன். கொழம்பும் நான்தான் வச்சேன். நீ திட்டு வாங்குறப்பெல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்.”

வேலாயி கையை எடுக்கவில்லை.

“தெரியும்க்கா. அன்னிக்கே வாசம் வந்துச்சு. சொன்னா எங்க வீட்டு ஆளு அண்ணன வெட்டியிருப்பாரு லா,” என்றாள். “ஆனா ஒரு கிண்ணம் குடுத்து விடுவீங்கன்னு ரொம்ப நேரம் பார்த்தேன்.”

அற்புதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். பிறகு அழத்தான் செய்தாள்.

வாசலில் கந்தன் மூசாங் பொறியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பெட்டிக்குச் செவ்வந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தான்.