காலி இருக்கை கத்தாது

"உங்க வீட்டுக்காரரை பெல்ட்டை ஒழுங்கா மாட்டச் சொல்லுங்க மேடம்," என்றான் ட்ரென்ட். வண்டி பழுது பார்க்கும் இடத்தின் பொறுப்பாளர்.

என் சாவி அவன் மேசையில் கிடந்தது. சாவிக்கு அடியில் ஒரு தாள்: குறை எதுவும் காணப்படவில்லை. மூன்று வாரத்தில் மூன்றாவது தாள்.

"மாட்டித்தான் உக்காந்திருக்காரு. நானே மாட்டி விடறேன். டக்குன்னு சத்தம் கேக்குது. இழுத்தும் பாக்கறேன்."

"அப்பறம் ஏன் பெல்ட் போடலைன்னு மணி அடிக்குது?"

"அதைக் கேக்கத்தானே உன்கிட்ட வந்தேன்."

"நாப்பது நிமிஷம் ஓட்டிப் பாத்தோம் மேடம். ஒரு தடவைகூட அடிக்கலை."

"யாரு ஓட்டினது?"

"நான்தான்."

"பக்கத்து சீட்டுல யாரு உக்காந்தா?"

அவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

"யாரும் உக்காரலை. அப்படித்தானே? மூணு தடவையும். ஆள் இல்லாத சீட்டு எப்படிடா கத்தும்?"

"வயசானவங்க சில சமயம் அவங்களுக்கே தெரியாம கழட்டி விட்டுடுவாங்க..."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் அவன் மேசையிலிருந்த காப்பி அவன் தலையில் இருந்திருக்கும்.

என் கணவர் லிண்ட்ஸேக்கு நுரையீரலில் கட்டி. முப்பது தடவை கதிர் சிகிச்சை வேண்டும் என்றார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும். எங்கள் பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். வண்டிக்குப் பின்னால் வைக்கோலும் நாயும் ஏற்றும் தொட்டி, முன்னால் இரண்டே இருக்கை. வீட்டைத் தாண்டியதும், மாடு வெளியே போகாமலிருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பிகள் மேல் தடதடவென்று ஏறி இறங்குவோம். அங்கே மணி ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிற்காது. திரும்பி வரும்போதும் அதே கதை. அவர் மடியில் காலி ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, குமட்டலை அடக்கிக்கொண்டிருப்பார். காதருகே மணி.

அன்று பதினோராவது தடவை. வீட்டுக்கு வந்து ஆட்டுச் சாப்ஸ் பொரித்து வைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கு நான் வரலை, நோல்."

"என்னது?"

"பதினொண்ணு போதும்."

"முப்பது சொல்லியிருக்காங்க லிண்ட்ஸே. பாதி கிணறு கூடத் தாண்டலை."

"கட்டியைத் தாங்கிக்குவேன். வாந்தியைத் தாங்கிக்குவேன். அந்த மணியைத் தாங்க முடியலை. போகையில ஒரு மணி நேரம், வர்றப்ப ஒரு மணி நேரம். தூங்கும்போதும் காதுல அடிக்குது."

"பக்கத்துப் பண்ணையில கார் கேக்கறேன்."

"விதைப்பு நடக்குது. யாரையும் கேக்காத. நான் வரலை, அவ்வளவுதான்."

"ஒரு மணிச் சத்தத்துக்காக சாகப் போறியா நீ?"

"அதைக் கேட்டுக்கிட்டே சாகறதுக்கு, கேக்காம சாகலாம்."

சமையலறை இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். பெல்ட் கையிலிருந்து நழுவியது. ட்ரென்டின் கழுத்தாக இருந்தால் நழுவவிட்டிருக்க மாட்டேன்.

"என்ன பண்ற?" வாசலில் லிண்ட்ஸே நின்றார்.

"அறுக்கறேன்."

"எதை?"

"எது கத்துதோ அதை."

"பெல்ட்டை அறுத்தா மணி நிக்காது. இன்னும் ஜோரா அடிக்கும்."

"அப்ப சீட்டையே அறுக்கறேன்."

"தள்ளு அம்மணி. அது எலும்பெடுக்கிற கத்தி. முனையை உடைச்சிடாத. சின்ன ஸ்குரூடிரைவரைக் கொண்டா."

மண்டியிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பெல்ட்டின் நாக்கு போய்ப் பூட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டியை நெம்பினார். மூடி வர வெகு நேரம் ஆயிற்று. பத்து வருஷத்துச் செம்மண் கொட்டியது, புல் விதை கொட்டியது. அதன் பிறகு, பச்சை நிறத்தில், விரல் நுனியளவு ரப்பர் வளையம் ஒன்று தரையில் விழுந்தது.

இருவருக்கும் அது என்ன என்று தெரியும். ஆட்டுக்குட்டிகளின் வாலில் இறுக்கி மாட்டிவிடும் வளையம். சில வாரத்தில் வால் தானாக உதிர்ந்துவிடும். போன மாதம் நானூறு குட்டிகளுக்குப் போட்டோம். நான் வண்டி ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், வலது பக்கக் கால்சட்டைப் பையில் அந்த வளையங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு. அந்தப் பைக்கு நேர் கீழேதான் பூட்டு.

"ஸ்விட்ச் மேல உக்காந்திருக்கு," என்றார். "பெல்ட் பூட்டிக்கும். பூட்டின சேதி வண்டிக்குப் போகாது. குலுக்கல்ல நகர்ந்துக்கிட்டே இருந்திருக்கு."

"பையில போடாத, டப்பாவுல வையின்னு எத்தனை வருஷமா சொல்றேன்?"

"நாப்பது இருக்கும்."

"மூணு வாரம் லிண்ட்ஸே. மூணு வாரம் அந்தப் பயகிட்ட தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்."

"போன் பண்ணி மன்னிப்பு கேளு."

"செத்தாலும் மாட்டேன். ஒரே ஒரு தடவை சீட்டுல ஆளை உக்கார வச்சு ஓட்டியிருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். அவன் என்ன சொன்னான் தெரியுமா? உனக்குப் புத்தி கலங்கிடுச்சுங்கற மாதிரி சொன்னான்."

"அதை அவன் சொல்லியிருக்க வேண்டாம்," என்றார் லிண்ட்ஸே. வளையத்தை எடுத்து ஊதி, பழக்கத்தில் பையில் போட்டார். நான் முறைத்தேன். திரும்ப எடுத்து என் கையில் கொடுத்தார்.

காலையில் நான் எதுவும் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வருவதாயிருந்தால் வரட்டும். தொப்பியோடு வந்தார். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தானே பெல்ட்டை மாட்டினார். இரும்புக் கம்பிகள் மேல் தடதடத்து இறங்கினோம். சத்தமில்லை. இருநூறு மீட்டர் போனோம். சத்தமில்லை.

ஆடுகளைப் பிரித்து வைக்கப் பண்ணைப் பாதையில் மூன்று கேட். முதல் கேட் வந்தது. வண்டி நிற்கும் முன்பே மணி அடித்தது.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். "இப்ப என்ன வந்தது இதுக்கு?"

அவர் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவர்தான் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும். எங்கள் ஊரில் மாப்பிள்ளை வந்தாலும் மந்திரி வந்தாலும் அதுதான். மூன்று வாரமாக நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் திறக்கிறேன்.

"திரும்ப மாட்டு. நான் இறங்கறேன்."

"இந்த சீட்டுல இருக்கறது யாரு?"

"நேத்துகூட நான்தானே திறந்தேன்?"

"நேத்து மண்டைக்குள்ள மணி அடிச்சுக்கிட்டிருந்தது. இறங்கத் தெம்பு ஏது?"

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வேலிக் கம்பத்தைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். அடுத்த கம்பம் வரை நடந்தார். மறுபடி நின்றார். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நடையைப் பார்க்கப் பார்க்க யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை.

கேட் திறந்தது. ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிறுத்தினேன். அவர் சாத்தி, சங்கிலியை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். பெல்ட் டக்கென்று பூட்டிக்கொண்டது.

"ஏழு நிமிஷம்," என்றேன். "இன்னும் ரெண்டு கேட் இருக்கு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு ஓட்டு," என்றார்.

ஓட்டினேன்.