ஆளுக்குப் பாதி மோட்டார் சைக்கிள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு தர்காக் கந்தூரி விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். நம்பகமானவர் என்று சொல்ல மாட்டேன். என் பங்குக் கறியையும் தின்றுகொண்டேதான் சொன்னார்.

முதல் வரி: பினாங்கு, 1931. சூலியா தெருவில் மழை மெல்ல—

(அடித்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் கதையில் மழைக்கு என்ன வேலை?)

2

ஷேக் அலாவுதீனும் அவர் மனைவி நூர்ஜானின் நானா, அதாவது அண்ணன், அப்துல் அஜீஸும் கூட்டாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். முதல் வாரமே அது சாக்கடையில் விழுந்தது. என்ஜின் இறுகியது, பிரேம் கோணியது.

"ஓட்டத் தெரியாத ஆளு ஏன் மச்சான் ஏறினீங்க?" என்றார் அலாவுதீன்.

"எண்ணெய் ஊத்தாத ஆளு பேசக் கூடாது லா!" என்றார் அஜீஸ்.

அறிவாளிகள் அல்லவா, நியாயமாகப் பிரித்துக்கொண்டார்கள். என்ஜின் அலாவுதீன் வீட்டுக்கு, பிரேம் அஜீஸ் வீட்டுக்கு. அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று நூர்ஜானுக்கு உத்தரவு. அவள் சாக்கடையில் விழவுமில்லை, எண்ணெய் ஊற்ற மறக்கவுமில்லை.

3

அலாவுதீன் என்ஜினைப் படுக்கையறையில் பிரித்தார். தலையணையில் பிஸ்டன் தூங்கியது. நூர்ஜான் கூடத்தில் படுத்தாள். போல்ட் துளைகள் சரியில்லை என்று அரத்தால் ராவித் திருத்தினார். அடுத்த தெருவில் அஜீஸ் பிரேமைக் கரித்தீயில் காய்ச்சிச் சம்மட்டியால் நிமிர்த்தினார். என்ஜின் உட்காரும் இடத்தையும் தன் பங்குக்குத் திருத்தினார்.

(நூர்ஜானை அழுகிறவளாக எழுதிப் பார்த்தேன். அடுத்த பகுதியில் அவள் வாய் திறந்ததும் அது பொய் என்று தெரிந்துபோயிற்று.)

4

"உன் நானாகிட்ட போயி பிரேமைக் கேளு," என்றார் அலாவுதீன்.

"போகக் கூடாதுன்னது நீங்கதானே. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்."

ரிக்‌ஷாவில் என்ஜின் ஜம்மென்று உட்கார்ந்து போனது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் நடந்தார்கள்.

அஜீஸ் கதவைத் திறந்தார். மச்சானைப் பார்க்கவில்லை. "இளைச்சிட்டியே புள்ள," என்றவர் என்ஜினை இறக்க ரிக்‌ஷாவுக்கு நடந்தார்.

5

என்ஜின் பிரேமில் உட்காரவில்லை. இரண்டு திருத்தங்களின் பலன். மறுபடி அரம், மறுபடி சம்மட்டி, இந்த முறை ஒரே முற்றத்தில்.

"தூக்குங்க மச்சான்!"

"விரலு, விரலு!"

நூர்ஜான் தினமும் வந்தாள். மதினியோடு சமைத்தாள், சத்தமாகச் சிரித்தாள்.

முடிவு ஒன்று: வண்டி கிளம்புகிறது, மச்சான்கள் கட்டிப்பிடிக்கிறார்கள். (எனக்கே குமட்டுகிறது.)

முடிவு இரண்டு: வண்டி கிளம்புகிறது, முதலில் யார் ஓட்டுவது என்று சண்டை. நூர்ஜானுக்கு மறுபடியும் உத்தரவு. (இவர்களைத் தெரிந்தவர்கள் இதற்குத்தான் கைதூக்குவார்கள்.)

கடைசி போல்ட்டையும் முடுக்கியாயிற்று. அஜீஸ் உதைக்கட்டையில் கால் வைத்திருக்கிறார். அடுக்களை வாசலில் நின்று நூர்ஜான் கேட்கிறாள்:

"நானா, நாளைக்கும் வேலை இருக்கும்தானே?"

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் கால் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை உதையுங்கள்.