இருநூற்றுப் பதினான்கு கரிக்கோல் குறிப்புகள்

கூதிர்க்காலத்து இளவெயில் தோக்கியோ மாநகரின் கந்தா வட்டாரத்துக் கூரைகளின்மேல் சாய்ந்து கிடக்க, நெடுஞ்சாலையின் வடபுறத்தே குழம்புச் சோறு விற்போரும் காலணி விற்போரும் அவ்வெயிலை விலையின்றித் துய்த்து மகிழ்ந்திருக்க, தென்புறத்தே தோளோடு தோள் உரச நிற்கும் நூற்றுக்கு மேற்பட்ட பழநூற்கடைகளோ, கதிர் பட்டால் முதுகு வெளுக்கும் தம் சரக்கின் பொருட்டு அஞ்சி, வடக்கு நோக்கி வாயில் திறந்து, ஆண்டு முழுவதும் நிழலிலேயே மூப்படைந்துகொண்டிருந்தன. பழநூல் திருவிழா முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஆடவர் பந்தற்கால்களைப் பிடுங்கிச் சாய்க்க, மகளிர் தாள்விளக்குகளைக் கழற்றி மடித்து அடுக்க, மஞ்சள் பூத்த இலைகளும் அறுந்த கட்டுக்கயிறுகளும் நடைபாதையெங்கும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. பெரும்போர் முடிந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த ஆண்டு அது, வியாழக்கிழமை, நண்பகல் கடந்து ஒரு மணி இருக்கும்.

நூலருமை அறிந்த பெருந்தகையீர், யான் இத்தெருவில் முப்பதாண்டுகளாய்ப் பழைய நிலப்படம் விற்பவன். பக்கத்துக் கடைச் சுவருக்கும் என் காதுக்கும் இடையே விரிசல் விட்ட ஒரு பலகைதான் தடுப்பு. ஆதலின் ஒட்டுக்கேட்டான் என்று என்னைப் பழித்துப் பயனில்லை. அப்பக்கத்துக் கடை தகுமாவினுடையது. போர் வரலாற்று நூல் வேண்டுவோர் நாட்டின் எம்மூலையிலிருந்தும் அவனிடமே வருவர். அவற்றுள்ளும் அரியவை, படைப்பிரிவு வரலாறுகள் எனப்படுபவை. போரில் எஞ்சி மீண்டவர்கள் முதுமையில் ஒன்றுகூடி, தம் பிரிவு போன வழியையும் பட்ட பாட்டையும் எழுதி, இறுதியில் மாண்டோர் பெயர்ப்பட்டியல் சேர்த்து, முந்நூறு படியோ நானூறு படியோ அச்சிட்டுத் தமக்குள்ளேயே பகிர்ந்துகொண்டவை அவை. கடைசித் தாளில் ‘விற்பனைக்கு அன்று’ என்று பொறித்திருக்கும். விற்பனைக்கு அன்று என்ற நூலுக்குத்தானே விற்பனையில் மதிப்பு! கிழவர் ஒருவர் கண்மூடினால், நாற்பத்தொன்பது நாள் நோன்பு முடியுமுன்னே மருமகள் தகுமாவுக்குத் தொலைபேசுவாள். உலகம் அவ்வளவுதான்.

இந்நூல்களைத் தொகுப்பதையே வாழ்வாகக் கொண்டவர் மினேகிசி. தொடர்வண்டி நிலையத்தில் மூட்டைகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டும் வேலை பார்த்து ஓய்ந்தவர், அகவை எழுபது. இருபதாம் அகவையில் படைக்கு அழைக்கப்பட்டு, மார்பில் நிழல் இருக்கிறதென்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட, வகுப்பில் உடன் படித்த முப்பத்தெட்டுப் பேரையும் நிலையத்து மேடையில் நின்று கொடியசைத்து வழியனுப்பியவர். மீண்டவர் பதினொருவர். அன்று தொட்டு அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று, நெடுநேரம் மடித்து உட்கார்ந்த காலைப்போல மரத்துப்போயிற்று. குத்தினாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. அறுநூற்று நாற்பது நூல்களை இரண்டு அறை நிறைய அடுக்கிவிட்டு, மனைவி மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்ததைக்கூட மூன்றாம் நாள்தான் கவனித்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

அவர் அந்நூல்களைப் படிப்பதில்லை. உறை உளதா, மடித்து வைத்த நிலப்படம் கிழியாமல் உளதா, திருத்தச் சீட்டு செருகியுளதா என்று பார்ப்பார், அளவெடுப்பார், பிறகு மென்மையான அழிப்பானும் வாத்திறகும் எடுத்துக்கொண்டு, முன்னவர் கரிக்கோலால் எழுதி வைத்த யாவற்றையும் துகளின்றித் துடைத்தெடுப்பார். எங்கள் தொழிலில் அது வழக்கமே. எழுத்துக் கிடக்கும் நூல் இளைத்த நூல். நாங்களும் துடைப்போம். ஆயினும் மினேகிசியைப்போல் மாசறத் துடைப்பார் இத்தெருவில் ஒருவருமிலர்.

அன்று தகுமாவின் கடைக்குள் ஒரு பெண்மணி நுழைந்தார். பெயர் கினுயோ, அகவை ஐம்பத்து மூன்று, மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குபவர்.

“வாங்கம்மா, உக்காருங்க. வேடிக்கை பாக்க வந்த முகமா தெரியல, எதையோ தேடி வந்த முகமா இருக்கு” என்றான் தகுமா.

“பதினேழு கடை ஏறி இறங்கிட்டேங்க. நிசினான்னு ஒருத்தரு, பர்மாவுல எங்கப்பா இருந்த படையில எழுத்தரா இருந்தவரு. போன வருசம் தவறிட்டாரு. அவரு வீட்டுப் புத்தகமெல்லாம் இந்தத் தெருவுக்குத்தான் வந்துச்சுன்னு அவரு மருமக சொன்னா. அதுல அவங்க படை வரலாறு ஒண்ணு...”

“அந்தப் புத்தகமா? நீல அட்டை. வந்துச்சே!”

“அது இல்லீங்க, அதே புத்தகம் எங்க வீட்டுலயும் இருக்கு. எனக்கு அவரு வச்சிருந்த புத்தகமே வேணும்.”

பிறகு அவர் தேநீரைத் தொடாமலே சொன்னார். அந்நூலின் பெயர்ப்பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பேர். அவருள் முப்பத்தொரு பேர் ஒரே நாளில், மார்ச்சு இருபதில், ஒரே ஊரில் மாண்டதாய் அச்சாகியிருக்கிறது. தந்தை தொமேகிச்சியும் அவருள் ஒருவர்.

“எங்கம்மா சாவுக்கு வந்த ஒரு பெரியவரு சொன்னாரு. ‘அது ஆபீசுல உக்காந்து போட்ட தேதிம்மா. யாரு எப்ப எப்பிடிச் செத்தான்னு நிசினாவுக்குத்தான் தெரியும். அச்சுல போட விடல. அதனால தன் புத்தகத்துல ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் பென்சில்ல எழுதி வச்சிருந்தான்’னு. செத்த நாளையே முதலாவதா எண்ணுவாங்க, அந்தக் கணக்குல வர்ற மார்ச்சுல அப்பாவுக்கு ஐம்பதாவது திதிங்க. அதோட கடைசி. அப்புறம் தனியா பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, முன்னோரோட முன்னோரா சேத்துருவாங்க. முடிக்கிறதையாவது சரியான நாள்ல முடிக்கணும்ல? அம்மா நாப்பத்தெட்டு வருசமா தப்பான நாள்ல சோறு வச்சாளோ என்னவோ.”

அந்நூலை வாங்கியவர் யாரென்று தகுமாவுக்குத் தெரியும். வாங்கியவர் வாங்கிய கையோடு என்ன செய்திருப்பார் என்பதும் தெரியும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல என்பார்களே, அந்தத் தாழியை உடைத்தவனைப்போல விழித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தான்.

மூன்று மணிக்கு முன்னரே மினேகிசி வந்தார். நூல் பட்டுத்துணியில் பொதிந்திருந்தது. தகுமா அதைப் பிரித்துப் பெயர்ப்பட்டியலைத் திறந்தான். தாள் பால்போல் வெளுத்திருந்தது.

“அண்ணே, இதுல பென்சில்ல எழுதியிருந்துச்சே...”

“அழிச்சிட்டேன்” என்றார் மினேகிசி. “அழிக்கவே மூணு நாள் ஆச்சு. நல்லா அழுத்தி எழுதியிருந்தான்.”

“என்ன எழுதியிருந்துச்சுன்னாவது...”

“படிக்கல. படிச்சா கை நின்னுரும். நான் எதையும் படிக்கிறதில்ல.”

“அட பாவி மனுசா! செத்தவன் பேருக்குப் பக்கத்துல ஒருத்தன் எழுதி வச்சிருக்கான்னா அது பலசரக்குச் சீட்டாய்யா? அறுநூத்தி நாப்பது புத்தகம் வச்சிருக்கீரே, கழுதை குங்குமம் சுமந்த கதையால்ல இருக்கு!”

விற்கும்போது நீ படித்திருக்கலாமே என்று மினேகிசி ஒரு சொல் திருப்பி எறிந்திருக்கலாம், எறியவில்லை. கினுயோ மட்டும் அவர் முகத்தை நோக்கிச் சினமின்றிக் கேட்டார்.

“அழுத்தி எழுதியிருந்தாருன்னு சொன்னீங்களே. அப்போ தடம் இருக்குமில்ல? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அழிச்ச கணக்கைச் சாய்ச்சுப் பிடிச்சா தெரியும்.”

தாளைச் சாய்த்தார்கள், விளக்கைத் தாழ்த்தினார்கள், ஒன்றும் தெரியவில்லை. சாய்வெயில் வேண்டும். எங்கள் பக்கத்தில் வெயிலேது? முப்பதாண்டில் ஒரு நூலின்மேலும் ஒரு கதிர் விழ விடாத மினேகிசி, அந்நூலை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊர்திகள் நின்ற இடைவெளியில் சாலையைக் கடந்தார். மற்ற இருவரும் பின்னே சென்றனர். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு நானும் சென்றேன்.

குழம்புச் சோற்றுக் கடையின் முகப்பில், இரு மாடங்களுக்கிடையே விழுந்த வெயிற்பட்டையில், அவர் நூலை விரித்து மெல்லச் சாய்த்தார். கண்ணுக்குத் தெரியாதிருந்த தடங்கள் ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன. நிசினா வன்கரிக்கோலால், தாள் கிழியும் அளவுக்கு ஊன்றி எழுதியிருந்தான். ‘காய்ச்சல், மே 6.’ ‘ஆற்றைக் கடக்கையில்.’ ‘தானே கைக்குண்டால்.’ ‘பட்டினி.’ ‘பட்டினி.’ ‘பட்டினி, ஏப்ரல் 19.’ மினேகிசியின் விரல் வரிசையில் இறங்கித் தொமேகிச்சியின் பெயரருகே நின்றது. அவர் படித்தார். வாழ்நாளில் முதன்முறையாகப் படித்தார் என்பேன். படித்துவிட்டு நூலைச் சற்றே மறுபுறம் சாய்த்து, “தெரியல” என்றார்.

பொய் சொல்லிப் பழகாத முகம். கினுயோ அவர் கையிலிருந்து நூலை வாங்கி, தாமே வெயிலில் பிடித்தார்.

‘நடக்க இயலவில்லை. ஏப்ரல் 2. உயிருடன் விட்டு வந்தோம்.’

சோற்றுக் கடைக்குள் யாரோ தட்டு கேட்டார்கள், ஊர்திகள் ஓடின. கினுயோ அழவில்லை. உதடசைய மீண்டும் ஒருமுறை படித்தார். பின்னர்த் தகுமாவின் காதில் செருகியிருந்த கரிக்கோலைக் கேட்டு வாங்கி, சுவரில் நூலை ஊன்றி, அந்தத் தடத்தின்மேல் ஓரெழுத்தும் பிசகாமல் எழுதினார். அரிய படி ஒன்றில் அயலார் எழுதுவதைத் தொகுப்பாளர் ஒருவர் நின்று பார்ப்பதென்பது, பெற்ற பிள்ளையைப் பிறர் அடிக்க நின்று பார்ப்பதற்கு ஒப்பு. மினேகிசி பார்த்திருந்தார்.

“புத்தகத்தை நீங்களே வச்சுக்குங்கம்மா” என்றார் பிறகு. “எனக்கு எதுவும் தோணலம்மா. தோணணும்னு மட்டும் தெரியுது. மன்னிச்சுருங்க.”

“எனக்கு வேண்டாங்க. நான் எங்கப்பாவோடத எழுதிட்டேன். மத்த இருநூத்திப் பதிமூணு பேருக்கும் யாராவது வருவாங்க. வந்தா, தெரியலன்னு சொல்லாதீங்க.”

வணங்கினார், போய்விட்டார்.

மறுநாள் தொட்டு, வெயில் உள்ள நாளெல்லாம், மினேகிசி ஒரு மடக்கு முக்காலியோடு வந்து வடபுறத்து நடைபாதையில் அமர்ந்து, தடம் பார்த்துக் கரிக்கோலால் எழுதலானார். நாளொன்றுக்கு நான்கு பெயர், ஐந்து பெயர். கை நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘பட்டினி’ என்ற சொல்லை எண்பத்தேழு முறை எழுதினேன் என்று, கடைசிப் பெயர் முடிந்த அன்று, மழை வருமா என்று கேட்பவர் குரலில் என்னிடம் சொன்னார்.

கினுயோ அடுத்த வாரமே தம் ஊர்க் கோயிலுக்குச் சென்ற செய்தியைப் பின்னாளில் தகுமாவுக்கு எழுதிய மடலில் கண்டோம். குருக்கள் நல்லவர். போன இடம் தெரியாதவர்க்கு வீட்டைப் பிரிந்த நாளையே இறந்த நாளாய்க் கொள்ளும் வழக்கு உண்டு. அதுபோல் ஏப்ரல் இரண்டையே கொண்டு ஐம்பதாம் திதியை முடித்துவிடலாம் என்றாராம்.

“அன்னைக்கு எங்கப்பா உயிரோட இருந்தாருங்க” என்றாராம் கினுயோ. “அந்த நாள்ல நான் எப்பிடிச் சோறு வைப்பேன்?”

“அப்போ எந்த நாளைத்தான் எழுதுறது?”

“போன வியாழக்கிழமைன்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி அவரு ஆபீசு போட்ட தேதியில செத்தவரு. அவரை விட்டுட்டு வந்தாங்கன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு அவரு செத்தது அன்னைக்குத்தாங்க.”

குருக்கள் கோயில் ஏட்டில் அவ்வாறே எழுதினாராம்.

பெருந்தகையீர், போரை மூட்டியவர்க்கு அது ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிவது. நூலில் தொகுப்பவர்க்கு முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டையில் முடிவது. கைவிடப்பட்டவனின் மகளுக்கு அவ்வாறில்லை. ஐம்பதாம் திதியை முடிப்பதற்கு நாள் தேடி வந்த அப்பெண்மணி, அடுத்த கூதிர்க்காலத்தில் தந்தைக்கு முதலாண்டுத் திதி செய்வார். முறைப்படி கடைசித் திதி வரும் ஆண்டில் அவருக்கு அகவை நூற்றிரண்டு ஆகியிருக்கும்.