மூன்றாம் எண் அறைத் தையல்காரி

1

இந்தக் கதை ஒரு கட்டத்துக்குள் பிறந்தது. விடுதிகளில் அறை பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில், 'உங்கள் விடுதியின் தனிச்சிறப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அறுநூறு எழுத்துகளுக்கு மேல் அது ஏற்காது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருகிறது, காதல் முறிந்தால் வருகிறது. எனக்கு, விடுதி நடத்தும் பெரிஹான் ஹனிமின் பழைய கணினியில், 'இந்த இடத்தைக் காலியாக விட முடியாது' என்ற சிவப்பு எழுத்தின் கீழே வந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அமாஸ்யாவில் அன்று ஆறு வழக்கத்தைவிடப் பச்சையாக

(நிறுத்திவிட்டேன். ஆற்றில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

பிறகு இப்படி:

ஒரு பொய் எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்யும் என்று

(இதுவும் வேண்டாம். எழுதியவன் தன்னை அறிஞன் என்று நினைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். என் பெயர் தாஹ்சின். அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பிழை திருத்துகிறவன். மூன்று நூல்கள் எழுதியிருக்கிறேன். மூன்றும் மாவட்ட நூலகத்தில் கிடைக்கும். இன்றைக்குப் போனாலும் புத்தம் புதிதாகக் கிடைக்கும்.

2

பெரிஹான் ஹனிம் (ஹனிம் என்றால் அம்மையார்) வரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் ஆற்றோரம் ஒரு மரவீட்டை வாங்கி, ஐந்து அறைகளாகத் தடுத்து, மலிவு விடுதி ஆக்கினார். யாரும் வரவில்லை. எங்கள் அமாஸ்யா இளவரசர்களின் ஊர். ஒரு காலத்தில் சுல்தான்கள் பிள்ளைகளை ஆட்சி பழக இங்கே அனுப்பினார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளை வைத்து விடுதிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

"எனக்கும் ஒரு இளவரசன வெச்சுக் குடுங்க, ஹோஜா," என்றார். நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும், எங்கள் ஊரில் ஹோஜா, அதாவது ஆசான், என்ற பட்டம் கிடைத்துவிடும்.

"இளவரசங்க தீந்துட்டாங்க. பக்கத்து விடுதில ரெண்டு பேரு. பாலத்துக்கிட்ட ஒருத்தரு. எதிர்க்கரையில மூணு, அதுல ஒண்ணு கைக்குழந்தை."

"அப்ப என் வீட்டுல மட்டும் ஐந்நூறு வருஷமா ஒருத்தரும் தூங்கலையா? எல்லாரும் முழிச்சிட்டா இருந்தாங்க?"

"இந்த வீட்டைக் கட்டியே தொண்ணூறு வருஷம்தான் ஆகுது."

"அத யாரு கேட்டா?"

நான் எழுதினேன். மூன்றாம் எண் அறையில் நெர்கிஸ் என்ற தையல்காரி வாழ்ந்தாள். இளவரசர் தலைநகருக்குப் புறப்படும்முன் அவருடைய அங்கியை ஒரே இரவில் தைத்து முடித்தாள். நூற்றுப் பதினான்கு பொத்தான்கள். விடிந்ததும் அவர் குதிரையேறுவதை இந்த ஜன்னலிலிருந்துதான் பார்த்தாள். மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுத்துகள். மீதி இரண்டையும் வீணாக்காமல் இரண்டு ஆச்சரியக்குறிகள் போடச் சொன்னார் பெரிஹான் ஹனிம்.*

* ஏன் தையல்காரி? அன்று காலை என் கோட்டுப் பொத்தான் அறுந்துபோயிருந்தது. கலையின் ஊற்றுக்கண் பற்றிப் பேசுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

3

பத்து நாள் கழித்து, தூரத்து ஊரான உஷாக்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் முனெவ்வெர். கம்பளிப் போர்வை ஆலையில் விளிம்பு தைக்கும் பிரிவு. ஜூன் மாதம் மூன்று பெண்கள், மூன்று நாள் தங்கத் திட்டம். மூன்றாம் எண் அறைதான் வேண்டும்.

பெரிஹான் ஹனிம் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்.

"மாடிப்படி எத்தனைங்க?"

"பதினேழு."

"பிடிச்சுக்கக் கம்பி இருக்கா? எங்க ஷெரிஃபேவுக்கு முட்டி சரியில்ல."

"இருக்கு."

"பஸ் காலையில ஆறு மணிக்கு வந்து இறக்கிவிட்ருது. அப்பவே உள்ள விடுவீங்களா, இல்ல மத்தியானம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே கெடக்கணுமா?"

"வாங்க, பாத்துக்கலாம்."

"காலைச் சாப்பாட்டுல ஆலிவ் நீங்க எண்ணி வெப்பீங்களா, நாங்களே எடுத்துக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு பெரிஹான் ஹனிம் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. கடைசியாக முனெவ்வெர் கேட்டாள்: "அந்தத் தையக்காரம்மா வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா?"

பெரிஹான் ஹனிம் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "இது உங்க டிபார்ட்மென்ட்."

அன்று முதல் அந்த அழைப்புகள் எனக்கு வந்தன. நாலு மாதத்தில் பதினான்கு. முதலில் பஸ் நேரம், கெட்டில் கொண்டுவரலாமா, துண்டு தருவீர்களா என்று பட்டியல் போட்டுக் கேட்பாள். பிறகு குரல் மாறும். நெர்கிஸ் எந்த நூல் பிடித்தாள்? கண் வலித்தால் என்ன செய்தாள்? நான் சளைக்காமல் சொன்னேன். வாசகரே, என் நிலையையும் பாருங்கள். முப்பது வருடம் எழுதி, முதல்முறையாக ஒரு வாசகி, 'அப்புறம்?' என்று கேட்கிறாள்.

ஐந்தாவது அழைப்பில் அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். "டிசம்பர் வந்தா எனக்கு ஊசி பிடிக்கிற விரல் மரத்துரும் ஹோஜா. சூப்பர்வைசர் பாக்காதப்ப ஹீட்டர் மேல வெச்சு எடுப்பேன்."

ஏழாவது அழைப்பில் நான் சொன்னேன்: குளிர்காலத்தில் நெர்கிஸின் விரல் மரத்துப்போகும். சூடான சாம்பல் கிண்ணத்தின்மேல் காட்டி எடுத்துக்கொள்வாள்.

அந்தப் பக்கம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "அப்படியா," என்றாள்.

என் மூன்று நூல்களுக்கும் சேர்த்து ஒருவரும் எனக்கு அப்படியொரு 'அப்படியா' சொன்னதில்லை. அன்று கோழி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

4

(இந்தப் பகுதியில் நான் இல்லை. மூவரில் மூன்றாமவளான நுர்தென், பின்னால் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னது. அவள் குறைவாகப் பேசுகிறவள். இடைவெளிகளை நான் நிரப்பியிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி நம்புங்கள்.)

மூவரும் இருபத்தாறு வருடமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து போர்வை விளிம்பு தைக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு பயணத்துக்கான பணம். ஷெரிஃபே கடல் வேண்டும் என்றாள். ஐம்பத்துநாலு வயதாகியும் அவள் கடலில் கால் நனைத்ததில்லை. அடுத்த குளிர்காலத்தில் முட்டிக்கு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு எப்படி நடப்பாளோ, யாருக்குத் தெரியும்.

"கடல் எங்கடி ஓடிப்போகுது?" என்றாளாம் முனெவ்வெர். "நம்மள மாதிரி தச்சவ ஒருத்தி தூங்குன ரூமுடி அது! நமக்கு யாராச்சும் போர்டு வெப்பாங்களா?"

"நாம விளிம்பு தைக்கிறவளுங்க. நமக்கு வெச்சாலும் ஓரமாத்தான் வெப்பாங்க," என்றாளாம் ஷெரிஃபே.

சண்டை நாலு மாதம் நடந்தது. நடுவில் இரண்டு வாரம் பேச்சே இல்லை. அந்த நாட்களில் மட்டும் நுர்தென் இடம் மாறி நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் கத்தரிக்கோலை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஒரு நாள் ஷெரிஃபே திடீரென்று, "சரி, உன் தையக்காரிகிட்டயே போவோம்," என்றுவிட்டாள். ஏன் இறங்கிவந்தாள் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

5

வந்துவிட்டார்கள். ஜூன் மாதம், காலை ஆறரை மணி. முனெவ்வெர் இஸ்திரி போட்ட பூப்போட்ட சட்டையில் இருந்தாள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவள் அதை எப்படிக் கசங்காமல் வைத்திருந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஷெரிஃபே கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வீதம் பதினேழும் ஏறினாள்.

அறையில் எனக்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பெரிஹான் ஹனிம் என்னைக் கேட்காமல் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே வெல்வெட் துணியின்மேல் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் ஒன்று. 'நெர்கிஸின் அங்குஸ்தான்' என்று அட்டை. (அட்டையில் எழுத்துப் பிழை வேறு.)

முனெவ்வெர் முதலில் ஜன்னலிடம் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையில் இல்லாத ஊசியைப் பிடித்து, இடது கையில் இல்லாத துணியை விரித்துப் பார்த்தாள். நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பக்கம் நகர்த்தினாள். எப்படி உட்கார்ந்தாலும் அவள் கையின் நிழல் துணி இருக்கவேண்டிய இடத்தில் விழுந்தது. பிறகு பெட்டியைத் திறந்து அங்குஸ்தானை எடுத்துச் சுற்றிப் பார்த்து, பழையபடி வைத்தாள்.

சாப்பாட்டு மேசைக்கு அவள் கடைசியாகத்தான் வந்தாள். நான் கசகசா ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை, என் வாசகியை நேரில் பார்க்க வந்திருந்தேன்.

6

இந்த இடத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் வரைவில் நான் எழுந்து நின்று, கம்பீரமாக, 'அம்மா, கற்பனையும் ஒருவகை உண்மைதான்' என்கிறேன். அவள் கண் கலங்குகிறது. (அந்த வரைவில் எனக்குத் தலைமுடியும் அதிகம்.)

இரண்டாம் வரைவில் நெர்கிஸ் உண்மையில் இருந்தாள் என்று ஒரு பழைய ஏடு கிடைக்கிறது. (வெட்கமாக இருக்கிறது, அடுத்ததற்குப் போவோம்.)

நடந்தது இது.

"ஹோஜா," என்றாள் முனெவ்வெர், உட்காராமல். "நூத்திப் பதினாலு பொத்தானுக்குக் காஜா எடுக்கவே ஒருத்திக்கு நாலு நாள் ஆகும். அதக்கூட விட்டுட்டேன், எழுதுறவங்க கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்கன்னு. மேல இருக்கிற அங்குஸ்தான்ல ஊசி குத்துன தடம் ஒண்ணுகூட இல்ல. நெர்கிஸ்னு ஒருத்தி இருந்தாளா?"

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். "இல்ல," என்றேன்.

"அந்த விரலு?"

நான் மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினேன்.

"அது என் விரலு. நான்தான் போன்ல உங்ககிட்ட சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு என்கிட்டயே எடுத்துக் குடுத்தீங்க. ஐந்நூறு வருஷம் முன்னாடி ஒருத்திக்கும் இப்படித்தான் வலிச்சிருக்குன்னு நான் ஆலையில தைக்கிற லைன்ல உக்காந்து அழுதேன், தெரியுமா? பதினாலு வாட்டி பேசுனோம். ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்ல?"

"ரூம் சுத்தமா இருக்குல்ல?" என்று நடுவில் புகுந்தார் பெரிஹான் ஹனிம். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முனெவ்வெர் ஷெரிஃபே பக்கம் திரும்பினாள். அடி வாங்கத் தயாரானவள் போலிருந்தது அவள் முகம். "சொல்லு. சிரி. நாலு மாசம் உன்கூட மல்லுக்கு நின்னேன். உன் கடலக் கெடுத்தேன்."

ஷெரிஃபே தேநீரை ஊதிக் குடித்தாள். "அந்த விரலு கதைய நீ வந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். எது உன் விரலுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்டி வந்த?"

"உனக்கு என்ன வேணும்னு எப்பக் கேட்டாலும் எதுவும் வேணாம்பே. மொத வாட்டி ஒண்ணு வேணும்னு சண்ட போட்ட. அத உடைக்க மனசு வரல. சொல்ல வேண்டியவரு," என்று கரண்டியால் என்னைக் காட்டினாள், "படிச்சவரு. அவரே சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்?"

முனெவ்வெர் உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்தினாள்.

அதுவரை எட்டாவது ஆலிவில் இருந்த நுர்தென் தலைநிமிர்ந்தாள். "இங்கேருந்து சம்சுன் எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம்," என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது உண்மை.

"அங்க கடல் இருக்குல்ல?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஷெரிஃபே தன் முட்டியைப் பார்த்து, "எந்திரி," என்றாள்.

பெரிஹான் ஹனிம் ரத்து விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினார். ஷெரிஃபே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நெர்கிஸுக்கும் சேத்துத்தானா?" என்றாள். பெரிஹான் ஹனிம் விதிகளை மூடிவைத்துவிட்டு மூன்று நாள் பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். பத்து மணி பஸ்ஸில் ஏறிப்போனார்கள். நான் ஒரு பையையாவது தூக்கிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். முனெவ்வெர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

7

வாசகரே, இப்போது கடற்கரைக் காட்சி வரவேண்டும். எழுதிப் பார்த்தேன், மறைக்கவில்லை.

சம்சுனில் அன்று கருங்கடல் அமைதியாக

ஷெரிஃபே காலணியைக் கழற்றி, முனெவ்வெரின் தோளைப் பிடித்து

முதல் அலை அவள் முட்டியைத் தொட்டபோது

மூன்றும் நன்றாகவே வந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த அலையை நான் பார்க்கவில்லை. அவளிடமிருந்து கேட்காமல் எடுத்தது ஏற்கெனவே போதும்.

நாலாம் நாள் தொலைபேசி அடித்தது. முனெவ்வெர். நுர்தெனின் மூக்குக்கண்ணாடி மூன்றாம் எண் அறையில் விட்டுப்போயிருக்கிறது, ஆலை முகவரிக்குப் பார்சல் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். முகவரி சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

"கடல் எப்படி இருந்துச்சு?"

அந்தப் பக்கம் தையல் எந்திரங்களின் இரைச்சல்.

"நீங்க எதுக்குக் கேக்குறீங்க, ஹோஜா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அதனால் இந்தக் கதைக்குக் கடல் இல்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே உஷாக்குக்குப் போய்க் கேளுங்கள். ஆலையில் மத்தியான இடைவேளை பன்னிரண்டரைக்கு, விளிம்புப் பிரிவு இடதுபக்கம். உங்களைப் பார்த்தால் எழுதுகிறவர் மாதிரி இல்லையென்றால், ஒருவேளை சொல்வாள்.