இறக்கை மாட்டப் போன ரோபோ

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு, 2006-ஆம் வருடம் திடீரென்று விமானம் செய்யும் ஆசை வந்துவிட்டது. கல்லூரிப் பேருந்தைக் கிளப்பவே தினமும் காலையில் நாலு பேர் இறங்கித் தள்ள வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. 'விமான உற்பத்தியில் ரோபோக்கள்' என்று மாணவர் போட்டி அறிவித்து, வேறு சில கல்லூரிகளையும் கூப்பிட்டு, அரங்கத்தில் தெர்மாகோல் விமானம் ஒன்றை நிறுத்தினார்கள். உடம்பு மட்டும்தான். ரோபோ இறக்கையை எடுத்துப்போய் அதன் விலாவில் மாட்ட வேண்டும், மனிதக் கை படக்கூடாது.

ஜெயிக்கும் அணிக்குப் பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் ஒரு மாதப் பயிற்சி. மூன்றாம் வருட மெக்கானிக்கல் மாணவி மகிழினிக்கு அதன்மேல் வெறியே இருந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மொட்டைமாடியிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் விமானத்தின் அடிவயிறு மட்டுமே. அதன் தோலை உரித்து, உள்ளே எலும்பெல்லாம் எப்படி இருக்கிறதென்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். அவளும், வண்ணாரப்பேட்டைப் பாத்திரக்கடைக்காரர் மகள் ஷிஜியும் பழைய கார் வைப்பர் மோட்டாரையும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களையும் வைத்து ஒரு ரோபோ செய்தார்கள். அது சொன்ன பேச்சைக் கேட்டு இறக்கையை அழகாக மாட்டியது. பேச்சைக் கேட்காதவர் துறைத்தலைவர் சுப்பராயன் ஒருவர்தான்.

"சீஃப் கெஸ்டுக்கு உங்க ரோபோதான் மாலை போடுது," என்றார் அவர், போட்டியன்று காலையில்.

"சார், அது தெர்மாகோல் தூக்க செஞ்சது. மாலை வெயிட்டு தாங்காது சார்."

"பூதானேம்மா! பூவுக்கு என்ன வெயிட்டு?"

மாலை வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"போட்டி முடிஞ்சதும் போட வைக்கிறேன் சார்," என்று மகிழினி கெஞ்சினாள்.

"மாலை போடாம விழா எப்படி ஆரம்பிக்கும்? விழா ஆரம்பிக்காம போட்டி எப்படி நடக்கும்?"

இதற்கு எந்த இயற்பியலிலும் பதில் கிடையாது. ஷிஜி மாலையின் பின்பக்கத்து ரோஜாக்களை யாருக்கும் தெரியாமல் உருவி உருவித் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

காலையில் வரவேண்டிய சிறப்பு விருந்தினர் தேசப்பன், சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். ஏரியாவின் பெரும்புள்ளி. விமானத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, ஒருமுறை அதில் மதுரைக்குப் போய் வந்ததுதான். ரோபோ உருண்டு போனது, கையைத் தூக்கியது, முனகியது, கடைசியில் மாலையைப் போட்டேவிட்டது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மகிழினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மாலை வாங்கிய பெரிய மனிதர்கள் அதைக் கழுத்தில் வைத்திருப்பார்களா? உடனே கழற்றி, போட்டவர் கழுத்திலேயே திருப்பிப் போட்டால்தானே பெருந்தன்மை! ரோபோவுக்குக் கழுத்து இல்லை. தேசப்பன் அசரவில்லை. நீட்டிக்கொண்டிருந்த கையின் நுனியில் மாலையை மாட்டினார்.

"இன்னா கண்ணு, மிஷினே மருவாத பண்ணிச்சி, நாம பண்ண வாணாமா?" என்று சொல்லி, அந்தக் கையை அழுத்திப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, அப்டியே இருங்க, இன்னொரு தபா!" என்றார் போட்டோகிராபர்.

உள்ளே பல்சக்கரம் கடக்கென்று உடைந்தது. மகிழினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மாலையை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல ஆத்திரமாக இருந்தது. போட்டோவுக்குச் சிரித்தாள்.

போட்டி ஆரம்பித்தது. ஒரு கல்லூரியின் ரோபோ மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. இன்னொன்று விமானத்தையே முட்டிச் சாய்த்தது. மற்றொன்று இறக்கையைப் பத்திரமாகத் தூக்கிப்போய் நடுவரின் காலடியில் சமர்ப்பித்தது. மகிழினியின் ரோபோ இறக்கை வரைக்கும் போய், கை தொங்கி நின்றது.

"விதிப்படி யாருக்கும் பரிசு இல்லை," என்று மைக்கில் ஆரம்பித்தார் பெங்களூரிலிருந்து வந்த நடுவர் சாலமோன்.

தேசப்பன் மைக்கைப் பிடுங்கினார். "எனுக்கு மால போட்ட மிஷினுக்கு ஃபர்ஸ்ட்டு இல்லன்னா, இது இன்னாயா போட்டி?"

முதல் ஆளாகக் கைதட்டியவர் சுப்பராயன். பிறகு அரங்கமே தட்டியது.

சாலமோன் மகிழினியைப் பார்த்தார். "ஏம்மா, உன் ரோபோ இறக்கையை மாட்டுச்சா?"

"மாட்டல சார். கார்த்தால வரிக்கும் மாட்டிக்கினுதான் இருந்திச்சி. மால போட்டப்பதான் கை ஒடஞ்சிது."

அவர் தொங்கும் கையைப் பார்த்தார், தேசப்பனைப் பார்த்தார். சாலமோன் கழுத்திலும் விழாவில் போட்ட ஒரு மாலை இருந்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பயிற்சிக் கடிதத்தில் மகிழினி பெயரையும் ஷிஜி பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஷிஜி குமுறினாள். "இறக்கையே மாட்டாம பரிசு வாங்கிட்டு வந்திருக்கோம். வெட்கமா இல்லையாடி உனக்கு?"

மகிழினி திரும்பிப் பார்த்தாள். மேடையில் சுப்பராயன், தேசப்பனின் இலையில் தன் கையாலேயே பிரியாணி வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேடைல கீறவங்கள்ல, மால போடாம மேல ஏறுனவன் ஒர்த்தன காட்டு, வெக்கப்படறேன்," என்றாள். "நானாச்சும் மிஷினு வச்சி போட்டேன்."