இருபத்தைந்து படங்களில் உட்கார்ந்தவள்

கண்காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் காலை பத்து இருபதுக்கு, இருபத்தைந்து படங்களில் நின்றுகொண்டிருந்த பெண் ஒரே சமயத்தில் உட்கார்ந்துவிட்டாள். எந்தப் படத்திலும் நாற்காலி வரையப்படவில்லை என்பதால் தரையில்தான் உட்கார முடிந்தது. முதுகுப் பக்கமிருந்து வரையப்பட்டவள் முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்தாள். தூக்கிப் பிடித்திருந்த வலது கையை எல்லாப் படங்களிலும் மடியில் போட்டுக்கொண்டாள். காவலாளி ஓடிப்போய்க் கல்லூரி அலுவலகத்தில் சொல்ல, எழுத்தர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஈரக்காற்றில் காகிதம் சுருங்கியிருக்கலாம் என்று பதிவேட்டில் எழுதினார்.

அப்போது ஏழாம் எண் படத்துக்கு எதிரில் அவளுடைய புருஷன் நின்றிருந்தான். லிப்ட் மெக்கானிக். முப்பது வயது ஆகவில்லை. பெண்டாட்டி செத்து நான்கு மாதமாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் என்று உறவில் பெயர் வாங்கியிருந்தான். அழுகைக்கு அவனிடம் இடம் இல்லை. உள்ளே இருந்த இடம் முழுவதையும் கோபம் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் அந்த ஓவியக் கல்லூரியில் நான்கு வருடம் மாடலாக நின்றவள். மாணவர்கள் வைத்த பெயர் சிலையக்கா. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிட ஓய்வு என்று வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் ஜன்னல் வெளிச்சம் அருமையாக விழுந்ததால் பேராசிரியர் இரண்டு ஓய்வுகளை விழுங்கினார். பத்து இருபதுக்கு அவள் நின்ற நிலையிலேயே இறந்தாள். பதினொரு மணிக்கு மணி அடிக்கும் வரை விழவில்லை. தொழிலில் அவ்வளவு சுத்தம். இறந்த நேரத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கணக்கு புரிந்தது. இருபத்தாறு பேர் நாற்பது நிமிடம் பிணத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அன்றைய படங்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பிரமாதம் என்று பேராசிரியர் சொன்னார். அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைச் சட்டம் போட்டுக் கண்காட்சியின் நடுக்கூடத்தில் மாட்டினார்கள். ‘நிற்கும் பெண், கரி’ என்று ஒவ்வொன்றின் கீழும் அட்டை. கண்காட்சிக்குத் தலைப்பு, ‘மனிதரை மனிதராக்குவது எது?’

அழைப்பிதழ் வந்த அன்று மச்சினன் தடுத்துப் பார்த்தான்.

“அங்க போய் என்ன மாமா பண்ணப்போறீங்க? அந்தாளு சட்டையப் பிடிப்பீங்களா?”

“பிடிக்க மாட்டேன்டா. நல்லா இஸ்திரி போட்டிருப்பாரு, கசங்கிடும்.”

மெக்கானிக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பஸ்ஸில் இடம் இல்லாவிட்டால், முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று கேட்டுவிடுகிறவள், அன்றைக்கு உட்காரக் கேட்டாளா, கேட்கவில்லையா? கேட்கவேயில்லை என்று கல்லூரி எழுத்திலேயே கொடுத்துவிட்டது. அதை அவன் நம்பவில்லை. ஒரே ஒருவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று நான்கு மாதமாக அந்தக் கல்லூரி வாசலுக்கு நடந்தான். திறப்பு விழாவில் அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் உட்காராமல் கடைசியில் போய் நின்றான். கலைக்காகக் கடைசி மூச்சு வரை நின்ற பெண்மணி என்று பேராசிரியர் பேச, கூடம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவன் காதைவிட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

படங்கள் உட்கார்ந்த செய்தி கேட்டுப் பேராசிரியர் மூச்சிரைக்க வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று கெஞ்சினார்.

“எழுந்திரும்மா. நாளைக்குப் பரிசுக் குழு வருது. பசங்க மார்க் போயிடும்மா.”

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர் மெக்கானிக்கிடம் திரும்பினார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“நாலு வருஷமா உங்க பேச்சத்தான் சார் கேட்டா. கேட்டுத்தான் செத்தா. அன்னைக்கு உக்காரணும்னு கேட்டாளா இல்லையா?”

“இதையே எத்தனை தடவை கேப்பீங்க? அவங்க வாயே திறக்கல.”

மெக்கானிக் கையில் வேலையிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் இருந்தது. வெளியே இருந்தால் வேறு வேலை பார்த்துவிடும் என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். பரிசுக் குழு வருவதற்குள் இருபத்தைந்து அட்டைகளையும் மாற்றிவிட்டார்கள். ‘உட்கார்ந்திருக்கும் பெண், கரி’ என்று போட்டார்கள். பரிசும் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி, சுருட்டிய காகிதத்துடன் அவன் வீட்டுக்கு வந்தாள். வா என்றான். உட்கார் என்று சொல்லவில்லை.

“இது என் படம். மாட்டாம ஒதுக்கிட்டாங்க.”

அதை வாங்கி விரித்தான். அதில் அவன் பெண்டாட்டி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கை தூக்கியபடி இருந்தது. வாய் மட்டும் திறந்திருந்தது.

“மாடல் பேசக் கூடாது, வாய மூடி வரைன்னு சார் திட்டினார். அழிச்சு வரைஞ்சேன். மறுநாள் பாத்தா திறந்திருக்கு. மூணு தடவை அழிச்சேன்.”

“என்ன பேசினா?”

“‘சார், கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா’ன்னு கேட்டாங்க. ரெண்டு தடவை. இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லிட்டாரு.”

“யார் காதுல விழுந்துச்சு?”

“எல்லார் காதுலயும்.”

“விழுந்து?”

“வரைஞ்சோம்ண்ணா.”

“அண்ணான்னு கூப்பிடாத.”

நான்கு மாதமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கைக்கு வந்துவிட்டது. வந்தால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தது ஆறவில்லை, இரண்டு மடங்கு எரிந்தது. இருபத்தாறு பேர்ல ஒருத்தருக்கும் நாக்கு இல்லையா, எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தானே வந்திருந்தீங்க, என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். மாணவி கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அப்படியே நின்றாள். அவன் படத்தைச் சுவரில் வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தான். கடைசி ஆணியை இரண்டு அடி கூடுதலாகவே அடித்தான்.

“உக்காருடி,” என்றான் படத்தைப் பார்த்து. “இனிமே எவன்கிட்டயும் கேக்க வேணாம்.”

அவள் உட்காரவில்லை. வாய் ஏற்கெனவே திறந்திருந்ததால் பேசுவதில் சிரமம் இருக்கவில்லை.

“மொதல்ல அந்தப் பொண்ண உக்காரச் சொல்லுங்க. வந்ததுலேருந்து நிக்குது.”

அவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. நாற்காலியைக் காலால் எட்டி, மாணவி பக்கம் தள்ளிவிட்டான். சோடாபுட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு படத்தில் இருந்தவளும் உட்கார்ந்தாள்.